எஞ்சின் ஓய்வுக்காலப் பராமரிப்பு: ஜலகண்டாபுரம் வட்டாரமும் காவிரிப் படகுத்துறையும்

எஞ்சின் ஓய்வுக்காலப் பராமரிப்பு என்பது பல வாரங்களோ மாதங்களோ ஓடாமல் நிற்கப்போகும் எஞ்சினைத் துருவும் கசடும் பற்றாதபடி ஆயத்தம் செய்து வைப்பதாகும். குளிர்நாடுகளில் இது பனிக்காலத்துக்கு முன் படகு எஞ்சின்களுக்குச் செய்யப்படும் ஆண்டு வேலை. சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்திலுள்ள ஜலகண்டாபுரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நீர் உறைவதில்லை. ஆயினும் கிணற்று மேட்டு ஆயில் எஞ்சினும் காவிரியின் விசைப்படகு எஞ்சினும் ஆண்டுதோறும் சில காலம் ஓய்ந்து நிற்கின்றன. அந்த ஓய்வு குறித்த தேதியில் வருவதில்லை. இவ்வட்டாரத்தின் பராமரிப்புப் பழக்கம் வளர்ந்த விதத்தையும் தளர்ந்த விதத்தையும் இதைக்கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

குளிர்நாட்டு வழக்கம்

நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு கூடும். படகின் உள்ளே பொருத்தப்பட்ட எஞ்சின் ஏரி நீரையோ கடல் நீரையோ உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அந்த நீர் சிலிண்டரைச் சுற்றியுள்ள அறையில் தங்கி உறைந்தால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். எனவே வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இலையுதிர் காலத்திலேயே படகைக் கரையேற்றி, நீரை வடித்து, உறையாத் திரவத்தைச் செலுத்தி, எண்ணெய் மாற்றி மூடி வைப்பார்கள். பனி வரும் மாதம் எல்லோருக்கும் தெரியும் என்பதால், வேலைக்கும் ஒரு நாள் தானாகவே குறிக்கப்பட்டுவிடுகிறது.

கவலையிலிருந்து ஆயில் எஞ்சினுக்கு

ஜலகண்டாபுரத்தின் பெயரில் ஜலம் இருந்தாலும் ஊரை ஒட்டி வற்றாத ஆறு எதுவும் ஓடவில்லை. நெசவும் கிணற்றுப் பாசனமும் இப்பகுதியின் பிழைப்பாக இருந்தன. 1934-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்ட மேட்டூர் அணை அருகில்தான் உள்ளது. ஆனால் அதன் நீர் முதன்மையாகத் தஞ்சை டெல்டாவுக்கு உரியது. மேட்டு நிலத்து உழவர்கள் கிணற்றையே நம்பினர். மாடு பூட்டிக் கவலை இறைப்பதே வழக்கம். வடமும் சாலும் பறியும் கிணற்று மேட்டின் தளவாடங்களாக இருந்தன.

எஞ்சினால் கிணற்று நீரை இறைக்கும் முயற்சி சென்னை மாகாணத்தில் 1900-களின் தொடக்கத்தில் பரவியது. அதில் முன்நின்றவர் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்து பின்னர் மாகாணத் தொழில்துறைப் பொறுப்பை ஏற்ற ஆல்பிரட் சாட்டர்டன். சேலம் நெசவாளர் வரலாற்றிலும் அவர் பெயர் உண்டு. 1906-இல் சேலத்தில் தொடங்கி 1910-இல் மூடப்பட்ட அரசு கைத்தறிக்கூடம் அவர் மேற்பார்வையில் நடந்தது.

தொடக்க கால எஞ்சின்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. லிஸ்டர், பெட்டர், ரஸ்டன் ஆகிய பெயர்கள் அவ்வழியே தமிழ் உழவர் பேச்சில் புகுந்தன. 1946-இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம் தொடங்கியபின் உள்நாட்டு எஞ்சின்கள் பெருகின. கோயம்புத்தூர்ப் பட்டறைகள் பம்புகளுக்குப் பெயர் பெற்றன.

கவலை மாட்டுக்கு ஓய்வு வலு சேர்க்கும். சும்மா நிற்கும் நாளிலும் அதற்குத் தீவனமும் தண்ணீரும் காட்டியாக வேண்டும் என்பதால் உழவர் அதை மறப்பதும் இல்லை. எஞ்சினுக்கு இவை இரண்டும் பொருந்தா. அது நிற்கும்போதுதான் கெடுகிறது. கெடுவதை வெளியே காட்டுவதுமில்லை. மாட்டோடு பழகிய தலைமுறை எஞ்சினுக்கு மாறியபோது புதிதாகக் கற்க வேண்டியிருந்த முதல் பாடம் இதுவே.

இரண்டு ஓய்வுகள்

கிணற்று எஞ்சினுக்கு ஆண்டில் இரு முறை ஓய்வு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் நனைந்து கிணறு நிரம்பும்போது இறைக்க வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் கிணறு அடிகண்டுவிட்டால் இறைக்க நீர் இல்லை. முன்னது ஈரமான ஓய்வு, பின்னது வறண்ட ஓய்வு. மழை முந்தினாலும் பிந்தினாலும் நாட்கள் மாறும். “நாளை தண்ணீர் ஊறிவிடும், இறைக்கலாம்” என்ற எதிர்பார்ப்பில் எஞ்சின் எந்த ஆயத்தமும் இன்றி நின்றுபோவது இயல்பு.

விளைவு அடுத்த போகத்தில் தெரியும். லைனரில் துரு படர்ந்து, பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டு, ஹேண்டில் அசையாது. கடலைக்கோ மஞ்சளுக்கோ தண்ணீர் கட்ட வேண்டிய வாரத்தில் எஞ்சின் பட்டறைக்குப் போகும். மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியைவிட வாடிய பயிரின் இழப்பே பெரிது. அப்பயிரை நம்பி வாங்கிய கடனுக்கு வட்டி நிற்பதில்லை. ஒட்டிய பிஸ்டனை ஹேண்டிலில் குழாய் மாட்டிப் பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடையும். சிலிண்டரில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட்டுப் பின் மெல்ல அசைப்பதே சரியான முறை.

பூலாம்பட்டிப் படகுத்துறை

கிணற்றுக்கு வெளியே இவ்வட்டாரத்தில் எஞ்சின் நீரோடு சேர்ந்து உழைக்கும் இடம் எடப்பாடி வட்டத்திலுள்ள பூலாம்பட்டி. சேலம் மாவட்டக் கரையிலிருந்து எதிரே ஈரோடு மாவட்டத்தின் நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகுகள் ஆட்களையும் இருசக்கர வாகனங்களையும் ஏற்றிச் செல்கின்றன. மேட்டூருக்குக் கீழே மின் உற்பத்திக்காகக் காவிரியில் கட்டப்பட்ட கதவணைகளுள் நெரிஞ்சிப்பேட்டைக் கதவணையும் ஒன்று. அதன் மின் நிலையத்தின் திறன் 30 மெகாவாட். கதவணையில் நீர் தேங்குவதால் பூலாம்பட்டியில் ஆறு ஏரிபோல் அகன்று நிற்கிறது, படகும் ஓடுகிறது.

படகுக்கும் இரண்டு ஓய்வுகள். கதவணைப் பராமரிப்புக்காக நீரை வெளியேற்றும்போது ஆற்றில் பாறை தெரியும், படகு நிற்கும். மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கும்போது வெள்ளத்தில் படகு ஓட்டத் தடை வரும். 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் அணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கனஅடி நீர் வெளியேறியது. அத்தகைய வெள்ளம் வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும். எப்போது தொடங்கும், எப்போது வடியும் என்பது கர்நாடகத்தில் பெய்யும் மழையைப் பொறுத்தது. படகு நின்றால் இரு கரை மக்களும் பாலங்களைத் தேடிச் சுற்றிச் செல்ல வேண்டும். வெள்ளம் வடிந்த அன்றே எஞ்சின் கிளம்ப வேண்டும் என்பதால் இந்த எதிர்பாராத ஓய்விலும் அதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் குறித்த தேதி

தமிழகத்தில் படகு எஞ்சினின் ஓய்வுக்குத் தேதி குறிக்கப்பட்ட இடம் கடற்கரை. 1952-இல் கையெழுத்தான இந்திய நார்வே ஒப்பந்தத்தின்படி கொல்லம் அருகே நீண்டகரையில் எஞ்சின் பொருத்திய மீன்பிடிப் படகுகள் அறிமுகமாயின. பனிநாட்டார் துணையோடு எஞ்சின் வந்தது. ஆனால் அதை ஆண்டுக்கொரு முறை நிறுத்தச் சொல்லும் பனி இங்கே இல்லை.

அக்குறையை வேறொரு காரணம் நிரப்பியது. மீன் இனப்பெருக்கத்தைக் காக்க 2001 முதல் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-இல் தொடங்கும் 45 நாள் தடைக்காலம் நடைமுறைக்கு வந்தது. 2017 முதல் அது ஜூன் 14 வரை 61 நாட்களாக நீண்டது. தடை மீனுக்காக வந்தாலும் எஞ்சினுக்கும் அதுவே பனிக்காலம் ஆயிற்று. படகுகளைக் கரையேற்றுவதும், மரம் மாற்றுவதும், வர்ணம் பூசுவதும், எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும் அந்த நாட்களில் ஒருசேர நடக்கின்றன.

செய்யவேண்டியவை

கிணற்று எஞ்சினுக்கும் படகு எஞ்சினுக்கும் அடிப்படை வேலைகள் பெரும்பாலும் ஒன்றே.

முதலாவது, எண்ணெய். எஞ்சினைச் சற்று ஓட்டிச் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடிக்க வேண்டும். டீசல் எரிவதால் வரும் கந்தகக் கசிவும் ஈரமும் பழைய எண்ணெயில் அமிலமாகி பேரிங்கை அரிக்கும். புதிய எண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டினால் அது எல்லா உறுப்புகளிலும் படியும்.

இரண்டாவது, நீர். சிலிண்டரைச் சுற்றியுள்ள அறையின் நீரைத் திருகைத் திறந்து முழுதும் வடிக்க வேண்டும். இங்கே அது உறையாது. ஆனால் துருவும் உப்புப் படிவும் வழியை அடைக்கும். அடைப்பால் சூடேறிய எஞ்சினில் திடீரெனக் குளிர்நீர் பட்டால் ஹெட் விரிசல் விடும். கடல் படகில் நன்னீரைச் செலுத்தி உப்பைக் கழுவுவது கூடுதல் வேலை.

மூன்றாவது, டீசல். டேங்க்கை நிறைத்து வைத்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறையும். பனித்துளி டீசலில் கலப்பதும் குறையும்.

நான்காவது, சிலிண்டர். சிறிது எண்ணெயை உள்ளே விட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்த வேண்டும். சைலன்சர் வாயையும் காற்று நுழையும் வழியையும் மூடினால் ஈரக்காற்றும் எலியும் புகா. பெல்ட்டைக் கழற்றி நிழலில் வைப்பதும், வெளியே தெரியும் இரும்பில் கிரீஸ் தடவுவதும் இதனுடன் சேர்ந்தவை.

ஐந்தாவது, நினைவு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எஞ்சினைக் கையால் சுற்றி வைக்க வேண்டும். செலவே இல்லாத இவ்வேலைதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. திரும்ப ஓட்டும் நாளில் எடுத்த எடுப்பில் கிளப்பாமல், வாய்களைத் திறந்துவிட்டோமா, திருகை மூடினோமா, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பதும் பராமரிப்பின் பகுதியே.

இன்றைய நிலை

மின்சாரம் ஊர் ஊராகப் பரவியதும், 1990 முதல் உழவர் அனைவருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானதும் ஆயில் எஞ்சினின் இடத்தைச் சுருக்கின. கிணற்று நீர் மட்டம் இறங்க, ஆழ்துளைக் கிணறும் அதனுள் இறங்கும் மோட்டாரும் வந்தன. 2021-இல் முதற்கட்டம் தொடங்கப்பட்ட மேட்டூர் சரபங்கா உபரிநீர்த் திட்டம், அணையின் உபரிநீரை மோட்டார்களால் மேலேற்றி வறண்ட ஏரிகளுக்கு அனுப்புகிறது. உபரிநீர் இல்லாத ஆண்டில் அந்தப் பெரிய பம்புகளும் நிற்க வேண்டியவையே.

பல தோட்டங்களில் பழைய ஆயில் எஞ்சின் இன்னும் கொட்டகையில் இருக்கிறது. மின்சாரம் இல்லாத நாளுக்கு உதவும் என்று விற்காமல் வைத்திருக்கிறார்கள். இதுவரை சொன்ன ஓய்வுகளில் இதுவே நீண்டது. மழையோ வறட்சியோ வெள்ளமோ தடைக்காலமோ ஒரு நாள் முடியும்; இதற்கு முடிவு குறிக்கப்படவில்லை. பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் கொட்டகையைத் திறந்து ஃப்ளைவீலை நாலு சுற்றுச் சுற்றும் வழக்கத்தை வைத்துக்கொண்டால், தேவைப்படும் நாளில் அந்த எஞ்சின் ஓடும்.