வேர்ட்பிரஸ் தளத்தைத் தானியங்கி வெளியீட்டுக் கருவியுடன் இணைத்தல்

தானியங்கி வெளியீட்டு இணைப்பு என்பது, யாரும் தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையாமலேயே, வெளியிலுள்ள ஒரு மென்பொருள் அத்தளத்தில் இடுகைகளை ஏற்றவும் திருத்தவும் வெளியிடவும் வழிசெய்யும் ஏற்பாடு. கட்டுரை வேறிடத்தில் தயாராகிறது. தலைப்பு, உடல், படம், பிரிவு, வெளியாகும் நேரம் ஆகியவற்றைக் கருவி ஒரு பொட்டலமாகக் கட்டித் தளத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. அனுப்பியவருக்கு எழுத உரிமை உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு சர்வர் அதை ஏற்றுக்கொள்கிறது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது வேலையாளிடம் சாவி கொடுத்துவைப்பது போன்ற ஏற்பாடு இது. எந்த அறையின் சாவி கொடுக்கப்படுகிறது என்பதுதான் இதில் முக்கியம். இக்கட்டுரை பரவலாகப் புழங்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளை முன்வைத்து அந்த இணைப்பை விளக்குகிறது.

வழக்கம் உருவான கதை

வெளியிலிருந்து பதிவு ஏற்றும் வழக்கம் வேர்ட்பிரஸைவிடப் பழையது. ஒரு கணினி இன்னொரு கணினியின் செயல்நிரலை இணையம் வழியே அழைக்க உதவும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி முறை 1998இல் வந்தது. டேவ் வைனர் மைக்ரோசாஃப்ட்காரர்களுடன் சேர்ந்து உருவாக்கியது அது. பைரா லேப்ஸ் நிறுவனத்தின் பிளாகர் சேவை அதன்மேல் 2001இல் தன் ஏபிஐயை, அதாவது வெளி மென்பொருள்கள் தன்னோடு பேசுவதற்கான இடைமுகத்தை, கட்டியது. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஒவ்வொரு அழைப்பிலும் அப்படியே போயின. தலைப்புக்கென்று தனி இடமே அதில் இல்லை. இக்குறையைப் போக்க வைனர் 2002இல் மெட்டாவெப்லாக் ஏபிஐயை வெளியிட்டார். தலைப்பு, இணைப்பு, விளக்கம் என்று பதிவின் உறுப்புகள் பிரிந்தது அதில்தான். பின்னாளில் வந்த விண்டோஸ் லைவ் ரைட்டர் போன்ற மேசைக்கணினி எழுதுகருவிகள் இந்த மொழியில்தான் தளங்களோடு பேசின.

மாட் மல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 2003 மே 27இல் வெளியிட்ட வேர்ட்பிரஸும் இதே வாசலைத் திறந்துவைத்தது. 2008இல் வந்த 2.6 பதிப்பு, புதிய தளங்களில் அவ்வாசலை இயல்பாக மூடியது. கைப்பேசிச் செயலிகள் பெருகியபின், 2012 டிசம்பரின் 3.5 பதிப்பு அதை மறுபடி திறந்ததுடன், மூடுவதற்கான பொத்தானையும் அமைப்புப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே அழைப்புக்குள் நூற்றுக்கணக்கான கடவுச்சொல் முயற்சிகளை அடுக்கி அனுப்பும் தாக்குதல்கள் இவ்வழியாகவே நடந்தன. இன்றும் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பைத் தடுத்தே வைத்திருக்கின்றன. புதிதாக இணைப்பவர் இப்பழைய வழியைத் தேர்ந்தெடுக்க இப்போது நல்ல காரணம் எதுவுமில்லை.

அதன் இடத்தைப் பிடித்தது ரெஸ்ட் ஏபிஐ. அதன் அடித்தளம் 2015 டிசம்பரின் 4.4 பதிப்பிலும், பதிவு, பக்கம், படம் முதலியவற்றைக் கையாளும் முகவரிகள் 2016 டிசம்பரின் 4.7 பதிப்பிலும் சேர்ந்தன. வந்த சூட்டிலேயே ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. 4.7, 4.7.1 பதிப்புகளில், பதிவின் எண்ணோடு சில எழுத்துகளை ஒட்டி அனுப்பினால் உரிமைச் சோதனை வழுக்கிவிடும். கடவுச்சொல்லே இல்லாமல் யாரும் எப்பதிவையும் மாற்றலாம். 2017 ஜனவரி 26இல் வந்த 4.7.2 இதை அடைத்தது. எல்லாரும் புதுப்பிக்க அவகாசம் தந்து, ஓட்டையின் விவரம் பிப்ரவரி 1இல்தான் அறிவிக்கப்பட்டது. அப்படியும் புதுப்பிக்காமல் கிடந்த தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன.

சாவி

கருவிக்குத் தளத்தின் சொந்தக் கடவுச்சொல்லைத் தருவது ஒரு காலத்தில் சாதாரணம். இப்போது அதற்கு அவசியமில்லை. 2020 டிசம்பரின் 5.6 பதிப்பு முதல், ஒவ்வொரு பயனருக்கும் 'செயலிக் கடவுச்சொல்' உருவாக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. பயனரின் சுயவிவரப் பக்கத்தின் அடியில், கருவிக்கு ஒரு பெயர் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் 24 எழுத்துகள் கொண்ட சொல் ஒன்று, நான்கு நான்காகப் பிரிந்து திரையில் தோன்றும். அது ஒரே முறைதான் தெரியும். பக்கத்தை மூடிவிட்டால் மறுபடி பார்க்க வழியில்லை, புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். இடையிலுள்ள இடைவெளிகளோடு ஒட்டினாலும் இல்லாமல் ஒட்டினாலும் ஒன்றுதான். இச்சொல்லைக்கொண்டு நிர்வாகப் பக்கத்தில் உள்நுழைய முடியாது. ஏபிஐ வழியே மட்டும் செல்லும். கடைசியாக என்று, எந்த ஐபி முகவரியிலிருந்து பயன்பட்டது என்பதும் அதே பக்கத்தில் தெரியும். தளம் எச்டிடிபிஎஸ் வழியில் இயங்காவிட்டால் இவ்வசதி இயல்பாகத் திறக்காது. ஒவ்வொரு அழைப்பிலும் பயனர்பெயரும் இச்சொல்லும் பேஸ்64 வடிவில் போகின்றன. பேஸ்64 வெறும் உருமாற்றம்தான், மறையாக்கம் அல்ல. வழியில் காப்பது எச்டிடிபிஎஸ் மட்டுமே.

ஆனால் இச்சாவிக்குத் தனி எல்லை கிடையாது. அட்மின் கணக்கில் உருவாக்கிய செயலிக் கடவுச்சொல், அட்மின் செய்யக்கூடியதில் ஏபிஐ வழியே முடிந்ததையெல்லாம் செய்யும். பயனர்களைச் சேர்க்கும், நீக்கும். இருபடிச் சரிபார்ப்பு போட்டிருந்தாலும் இது அதைக் கேட்காமல் போய்விடும். எல்லையைப் பயனர் கணக்கின் நிலையால்தான் வகுக்க முடியும். எனவே கருவிக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவரை 'ஆத்தர்' நிலையில் வைப்பதே முறை. ஆத்தர் தன் பதிவுகளை வெளியிடலாம், படம் ஏற்றலாம். பிறர் பதிவுகளைத் தொட முடியாது. அதற்கும் கீழுள்ள 'கான்ட்ரிபியூட்டர்' எழுதலாம், ஆனால் வெளியிடவோ படம் ஏற்றவோ இயலாது. பதிவு மதிப்பாய்வுக்குக் காத்திருக்கும். பல கருவிகளின் வழிகாட்டிகள் அட்மின் கணக்கையே கேட்கின்றன. அது அவற்றின் வசதிக்காக. தளத்தின் தேவைக்காக அல்ல.

ஆத்தர் நிலைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. வடிகட்டாத எச்டிஎம்எல் எழுதும் உரிமை எடிட்டருக்கும் அட்மினுக்கும்தான். ஆத்தர் அனுப்பும் உடலிலிருந்து ஸ்கிரிப்ட், ஐஃபிரேம் போன்ற குறிச்சொற்களை வேர்ட்பிரஸ் சத்தமில்லாமல் உருவிவிடும். கட்டுரை வந்துவிட்டது, நடுவிலிருந்த வரைபடத்தை மட்டும் காணவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

இணைப்பு வேலை செய்யும் விதம்

கருவியில் தளத்தின் முகவரி, பயனர்பெயர், செயலிக் கடவுச்சொல் ஆகிய மூன்றையும் இட்டால் முதலில் அது ஒரு சோதனை அழைப்பு விடும். சில கருவிகள் இதையும் தாமே செய்துகொள்கின்றன: தளத்தின் ஒப்புதல் பக்கத்துக்கு ஆளை அனுப்பி, அங்கே 'ஆம்' அழுத்தியதும் சாவியோடு திரும்ப வரவழைக்கின்றன.

சோதனையில் 401 என்று பதில் வந்தால் சர்வர் அனுப்பியவரை அடையாளம் காணவில்லை என்று பொருள். கடவுச்சொல் தவறாக இருக்கலாம். அது சரியாகவே இருந்தும் இப்பதில் வருவதுண்டு: சில அப்பாச்சி சர்வர்கள், சாவியைச் சுமந்துவரும் தலைப்புவரியை வேர்ட்பிரஸின் கைக்கு வருமுன்பே கழற்றிவிடுகின்றன. 5.6 பதிப்பு இதற்கான வரியைத் தன் எச்டிஅக்சஸ் கோப்பில் சேர்த்தது. அக்கோப்பைக் கையால் மாற்றிவைத்த தளங்களில் அது இல்லாமற்போகலாம். 403 என்றால், வழியில் ஒரு பாதுகாப்பு பிளகினோ தீச்சுவரோ மறித்திருக்கலாம், அல்லது ஆளைத் தெரிந்தும் அவருக்கு உரிமை போதாமல் இருக்கலாம். 404 என்றால் பெரும்பாலும் நிரந்தர இணைப்பு அமைப்பில் சிக்கல். அப்பக்கத்தைத் திறந்து ஒருமுறை சேமித்தாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

சோதனை தேறினால், பதிவு ஜேசன் வடிவில் போகும். நிலை குறிப்பிடாமல் அனுப்பினால் அது வரைவாகத் தங்கும். இது நல்ல இயல்பு. சர்வர் 201 என்ற பதிலோடு பதிவின் எண்ணைத் திருப்பித் தரும். பின்னால் திருத்துவதெல்லாம் அவ்வெண்ணைக்கொண்டே. பிரிவுகளையும் குறிச்சொற்களையும் பெயரால் அல்ல, எண்ணால்தான் குறிக்க வேண்டும். 'சமையல்' என்ற சொல்லை அனுப்பிப் பயனில்லை; தளத்தில் சமையலுக்கு என்ன எண் என்று கருவி முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். ஆத்தர் கணக்கால் புதுக் குறிச்சொல் உருவாக்கலாம், புதுப் பிரிவு உருவாக்க முடியாது.

முகப்புப் படம் இரண்டு தவணையில் போகிறது. முதலில் படம் தனியாக ஏறி ஓர் எண் பெறும்; பிறகு அவ்வெண் பதிவோடு சேர்க்கப்படும். என்ஜின்எக்ஸ் சர்வரில் எதையும் மாற்றாவிட்டால் ஓர் அழைப்பின் உச்ச அளவு 1 மெகாபைட். கேமராவிலிருந்து அப்படியே எடுத்த படம் அதைத் தாண்டி, 413 என்ற பதிலோடு திரும்பிவிடும். தேடுபொறிக்கான விளக்கவரி போன்ற கூடுதல் புலங்களின் கதை வேறு. ஏபிஐயில் பதிவு செய்யப்படாத புலத்தை வேர்ட்பிரஸ் பொருட்படுத்தாது, பிழை என்றும் சொல்லாது. 201 என்று மகிழ்ச்சியாகவே பதில் தரும். சில கருவிகள் தமக்கென்று ஒரு பிளகினையும் நிறுவச் சொல்வது பெரும்பாலும் இவ்வகைப் புலங்களுக்காகவே.

தமிழ்த் தலைப்பும் முகவரியும்

தமிழில் எழுதும் தளங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. முகவரியைக் கருவி தனியே தராவிட்டால் தலைப்பிலிருந்தே வேர்ட்பிரஸ் அதை உருவாக்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். 'தமிழ்நாடு' என்ற சொல், துணைக்காலும் புள்ளியும் கொக்கிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், 9 குறிகள். அதாவது 81 இடம். முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200. இருபத்திரண்டு குறிகளுக்குப் பின்னுள்ள எதுவும் வெட்டுப்பட்டுவிடும். வெட்டு சொல்லின் நடுவிலும் விழும், மெய்யையும் அதன் புள்ளியையும் பிரித்தும் விழும். ஒரே தொடராக வரும் கட்டுரைகளின் தலைப்புகள் முதல் இரண்டு சொற்களில் ஒன்றாக இருந்தால், வெட்டுக்குப்பின் முகவரிகளும் ஒன்றாகி, வேர்ட்பிரஸ் அவற்றின் வாலில் 2, 3 என்று எண் ஒட்டிப் பிரிக்கும். ரோமன் எழுத்தில் சுருக்கமான முகவரியொன்றைக் கருவியே அனுப்பும்படி அமைப்பது இதற்குத் தீர்வு.

வாலில் எண் ஒட்டுவது வேறொரு கோளாறுக்கும் அடையாளம். பதிவை ஏற்ற சர்வரின் பதில் வழியில் தொலைந்தால், பதிவு போய்ச் சேரவில்லை என்று நினைத்துக் கருவி மறுபடி அனுப்பும். சர்வர் இரண்டையும் வெவ்வேறு பதிவாகவே எடுத்துக்கொள்ளும். நன்றாகச் செய்த கருவி, மறுமுறை அனுப்புமுன் அதே முகவரியில் பதிவு இருக்கிறதா என்று தேடிப்பார்க்கும்.

நேரம்

வெளியாகும் நேரத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம்: தளத்தின் உள்ளூர் நேரமாக, அல்லது கிரீன்விச் நேரமாக. சென்னையிலும் கொழும்பிலும் காலை 6 மணி என்பது கிரீன்விச்சில் நள்ளிரவு தாண்டி அரை மணி. கருவி 6 மணி என்பதைக் கிரீன்விச் புலத்தில் இட்டுவிட்டால், காலைப் பதிவு முற்பகல் 11.30க்குத்தான் வெளிவரும்.

நேரம் சரியாக இருந்தும் பதிவு தங்கிப்போவதுண்டு. வேர்ட்பிரஸுக்குச் சொந்தமாக அலாரம் கிடையாது. தளத்துக்கு யாராவது வந்தால்தான், செய்யவேண்டிய வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று அது பார்க்கும். விடியற்காலையில் ஆள் வராத சிறிய தளத்தில், அல்லது முழுப் பக்கத்தையும் கேஷிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் தளத்தில், குறித்த நேரம் தவறிப்போகும். குறித்த நேரங்களில் வேலைகளை இயக்கும் சர்வரின் கிரான் வசதியில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் அழைப்பு வைத்தால் இது தீரும்.

பிற தளங்களில்

சாவியின் எல்லை தளத்துக்குத் தளம் மாறுகிறது. பிளாகரில் கூகுள் கணக்கின் ஓஆத் ஒப்புதல் வழியே இணைப்பு நடக்கிறது. கடவுச்சொல் கருவியின் கைக்கே போவதில்லை. கோஸ்ட் மென்பொருளில் கருவி தன் சாவியால் ஒப்பமிட்ட சீட்டு ஒன்றை அவ்வப்போது தயாரிக்கிறது. அச்சீட்டின் ஆயுள் அதிகபட்சம் 5 நிமிடம். ஜெக்கில், ஹியூகோ போன்றவற்றால் இயங்கும் தளங்களில் கருவி ஒரு மார்க்டவுன் கோப்பைக் கிட் களஞ்சியத்தில் சேர்த்தால் போதும். அங்கே ஒரே களஞ்சியத்துக்கு மட்டும் செல்லும் சாவியைக்கூடத் தர முடிகிறது. இவ்விஷயத்தில் வேர்ட்பிரஸ் பின்தங்கியே இருக்கிறது.

அளவும் மேற்பார்வையும்

இணைத்துவிட்டால் நாளுக்கு ஒன்றும் அனுப்பலாம், நூறும் அனுப்பலாம். தேடல் தரவரிசையை ஏய்ப்பதற்காகப் பயனற்ற பக்கங்களை மொத்தமாக வெளியிடுவதை, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், கூகுள் 2024 மார்ச்சில் அறிவித்த கொள்கையில் தனி முறைகேடாகவே சேர்த்தது. பெரும்பாலான ஆசிரியர் குழுக்கள் கருவியை வரைவு நிலையில் நிறுத்தி, வெளியிடும் பொத்தானை ஆளிடமே விட்டுவைக்கின்றன. அங்கே கான்ட்ரிபியூட்டர் கணக்குகூடப் போதும், படத்தை வேறொருவர் ஏற்றுவதானால்.

இணைப்பைத் துண்டித்தல்

கருவியின் சந்தாவை நிறுத்துவது துண்டிப்பு ஆகாது. சாவி இன்னும் செல்லுபடியாகும். பயனரின் சுயவிவரப் பக்கத்தில் அச்செயலிக் கடவுச்சொல்லை ரத்து செய்தால், மற்றக் கருவிகளின் சாவிகள் பாதிக்கப்படாமல் அது மட்டும் சாகும். அப்போதும், ஏற்கெனவே ஏற்றி நேரம் குறித்துவைத்த பதிவுகள் தளத்துக்குள்ளேயே இருப்பதால், குறித்த நாளில் வெளிவந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தனியே வரைவாக்க வேண்டும். கருவிக்கென்று உருவாக்கிய பயனரை நீக்கும்போது, அவர் பெயரிலுள்ள பதிவுகளை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். வேறொருவர் பெயருக்கு மாற்றும் தேர்வை எடுக்காமல் அவசரத்தில் மற்றதை அழுத்திவிட்டால், கருவி ஏற்றிய பதிவுகள் அனைத்தும் அக்கணக்கோடு சேர்ந்து தளத்திலிருந்து மறையும்.