வேக பைக்குகளும் பிரேக் பழுதும்

இந்தியச் சாலைகளில் வேக பைக் மோகத்தைப் பரப்பியது, 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ராஜ்தூத் 350. அதன் மூலமான யமஹா ஆர்டி350பி வண்டியில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே செலவைக் குறைக்க டிரம் பிரேக் வைத்தார்கள். வேகத்தில் வரும் வண்டியில் அடுத்தடுத்து பிரேக் பிடித்தால் மூடிய டிரம்முக்குள் சூடு தங்கும், பிரேக் ஷூவின் பிடிப்பு தளரும். லீவரை முழுதாக அழுத்தினாலும் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எஞ்சினுக்கு ஈடான பிரேக்கைத் தராதது மன்னிக்க முடியாத சிக்கனம்.

சென்னை ராயல் என்ஃபீல்டின் சிக்கல் வேறு வகை. பனிநாடுகளில் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு, பிரேக் காலிப்பரில் பிஸ்டன் நகரும் துளையை அரிக்கக்கூடும் என்று தெரிந்தது. பிரேக் இறுகும், அல்லது சரியாகப் பிடிக்காது. 2020இல் கான்டினென்டல் ஜிடி, இன்டர்செப்டர், ஹிமாலயன் என ஏறத்தாழ 15,200 வண்டிகள் பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியாவில் திரும்ப அழைக்கப்பட்டன.

2021 மே மாதம் அதே நிறுவனத்துக்கு மின்கோளாறு. இக்னிஷன் காயில் பழுதால் எஞ்சின் தடுமாறலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்று 2,36,966 மீட்டியோர், கிளாசிக், புல்லட் வண்டிகளை நிறுவனமே அழைத்தது. இந்தியாவில் 2012 முதல் இத்தகைய அழைப்பு உற்பத்தியாளர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.