களங்காய் சூடிய சேரன்

அரியலூர், குன்னம் பக்கத்துச் செம்மண் காடுகளில் களாச்செடி எப்போதும் பச்சையாக, முள்ளும் பாலுமாக நிற்கும். காயை உப்புத் தொட்டுத் தின்போம். கறுத்துப் பழுத்தால் இனிப்பு.

அந்தக் காயைத்தான் ஒரு சேர அரசன் முடிசூடும்போது தலையில் சூடினான். பெயர் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்குத் தலைவன். உரிய கண்ணியும் முடியும் அப்போது உதவாததால் களங்காயால் தலைமாலையும் நாரால் முடியும் செய்துகொண்டான் என்கிறார் பழைய உரைகாரர், காரணத்தை விளக்கவில்லை. அவன் நாட்டை இழந்து மீட்டதை அகநானூறு 199 சொல்வதால், நாடிழந்திருந்த காலத்தில் சூடியது என்றே நினைக்கிறேன்.

பதிற்றுப்பத்தை 1904இல் பதிப்பித்த உ.வே.சா. சிறுவயதில் அரியலூரிலும் குன்னத்திலும் இருந்தவர். களா அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. இப்போது வேலிக்கும் கம்பி வந்துவிட்டது. பேரனுக்குக் காட்ட ஒரு செடி தேடி அரைநாள் அலைந்தேன்.