இளம் அதிகாரியும் முதிய சுபேதாரும்

பரங்கிமலையின் உச்சியிலுள்ள திருத்தலத்திற்குச் சென்று வந்தோர், அம்மலையின் அடிவாரத்தில் இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் அமைந்திருப்பதை அறிவர். 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இக்கழகத்தில் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வரும் இளைஞர்கள், 1992 முதல் இளம்பெண்களும், பயிற்சி பெற்று அதிகாரிகளாக வெளியேறுகின்றனர். அவர்களுக்கு அணிநடை பழக்குவோர் ஹவில்தார்களும் சுபேதார்களுமே. 'உஸ்தாத்' என்று அவர்களை அழைப்பது வழக்கம். ஆசான் என்பது அச்சொல்லின் பொருள். பயிற்சி முடியும்வரை உஸ்தாதின் குரல் கேட்டாலே இளைஞனின் முதுகு நிமிரும். பயிற்சி நிறைவுற்று அவன் தோளில் விண்மீன்கள் ஏறிய மறுகணம் நிலைமை தலைகீழாகிறது. நேற்றுவரை அவனை வெயிலில் ஓடவிட்ட அதே உஸ்தாத், விறைத்து நின்று அவனுக்கு வணக்கம் செலுத்துகிறார்.

அந்த ஒரு கணத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அங்கே அனுபவம் அதிகாரத்திற்கு வணக்கம் செலுத்துகிறது. அதிகாரம் அனுபவத்திற்குத் திருப்பிச் செலுத்த வேண்டியது என்ன? நம் நாட்டுப் படைகளின் வரலாறு முழுவதும் இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு என்றே கூறலாம்.

இராணுவத்தில் புதிதாகப் பணியேற்கும் லெப்டினன்டுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். அவருக்குக் கீழ்ப் பணிபுரியும் சுபேதாரோ, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் படையில் கழித்தவர். இளைஞரின் தந்தையாகத் தகும் வயதினர். எந்த வீரனின் வீட்டில் நோய், எவனுக்கு ஊரில் நிலத்தகராறு, எவன் நெருக்கடியில் நிலைகுலைவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆயினும் ஆணையிடும் உரிமை இளைஞருக்கே உண்டு. ஆணை தவறினால் பழியும் அவருக்கே. சட்டம் இதைத் தெளிவாக வகுத்துள்ளது. ஆனால் சட்டத்தால் வகுக்க இயலாத ஒன்றும் உண்டு. முதியவரின் மனத்தில் இருப்பது இளைஞரின் செவிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதே அது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் சிப்பாய்களை முறையான பட்டாளங்களாகத் திரட்டியது 1758ஆம் ஆண்டில், பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்த வேளையில். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சுபேதார், அவருக்குத் துணையாக ஜமேதார், அவருக்குக் கீழ் ஹவில்தார், நாயக், சிப்பாய் என்னும் வரிசை அப்போதே உருவாயிற்று. தொடக்கத்தில் பட்டாளங்களில் ஐரோப்பியர் மிகச் சிலரே. எனவே சுபேதாரின் சொல்லுக்குப் பெருமதிப்பு இருந்தது. மொழி அறியாத நாட்டில், முன்பின் தெரியாத மனிதர்களிடையே, அவரைக் கேளாமல் இளம் அதிகாரியால் ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது. தேவையே அங்கு மரியாதையைக் கற்பித்தது.

1796ஆம் ஆண்டின் சீரமைப்பு இந்நிலையை மாற்றியது. பட்டாளங்களில் ஐரோப்பிய அதிகாரிகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. முன்பு சுபேதார் ஆற்றிய பணிகள் பலவும், இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய பதின்பருவத்து இளைஞர்களின் கைக்குச் சென்றன. முதியவரின் சீருடை மாறவில்லை. பதவிப் பெயரும் மாறவில்லை. அவரைக் கேட்கும் வழக்கம் மட்டும் மறைந்தது. 1780இல் தம் பதினெட்டாம் வயதில் படைப் பயிற்சியாளராகச் சென்னைக்கு வந்து, பின்னாளில் இம்மாகாணத்தின் ஆளுநராக உயர்ந்த தாமஸ் மன்றோ இதை நன்கு உணர்ந்திருந்தார். இந்தியர் ஒருவர் படையில் அடையக்கூடிய உச்சப்பதவி சுபேதார் பதவியே என்றும், தலைமைத் தளபதிக்குக் கடைநிலை அதிகாரி எவ்வளவு தாழ்ந்தவரோ, அக்கடைநிலை அதிகாரிக்குச் சுபேதார் அவ்வளவு தாழ்ந்தவராக வைக்கப்பட்டுள்ளார் என்றும் 1817இல் அவர் எழுதினார். அவர் அதை எழுதுவதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்பே வேலூர் இதற்கு விலை கொடுத்துவிட்டது.

1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்ததை நாம் நன்கு அறிவோம். நம் விடுதலை வரலாற்றின் முதல் முழக்கங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. அதன் இருநூறாம் ஆண்டான 2006இல் அஞ்சல்துறை நினைவுத் தலை வெளியிட்டது. அப்பெருமையைக் குறைப்பது நம் நோக்கம் அன்று. கோட்டைக்குள் செவிகள் எவ்வாறு அடைபட்டிருந்தன என்பதை மட்டும் இங்கே காண்போம்.

தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்கின் காலத்தில் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. நெற்றியில் சமயக்குறி அணியலாகாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்கப்பட வேண்டும், தோல் சேர்ந்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்பன அவை. அத்தலைப்பாகை ஐரோப்பியரின் தொப்பியை ஒத்திருந்தது. தங்களைக் கிறிஸ்தவர்களாக்கும் முயற்சி இது என்ற அச்சம் இந்துக்களிடமும் இஸ்லாமியரிடமும் ஒருங்கே பரவியது. 1806 மே மாதத்தில் வேலூரிலேயே சிப்பாய்கள் அத்தலைப்பாகையை மறுத்தனர். அவர்களுள் இருவருக்குத் தலைக்கு 900 கசையடி தண்டனையாக விதிக்கப்பட்டது. அடியின் ஓசை கேட்டதே தவிர, அதற்குப் பின்னால் இருந்த அச்சத்தின் குரல் மேலிடத்தில் எவர் செவியிலும் விழவில்லை.

அதன்பின் நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், லெப்டினன்ட் கர்னல் ஃபோர்ப்ஸிடம் சென்று, கோட்டைக்குள் சூழ்ச்சி உருவாகிவருவதை வெளிப்படையாகக் கூறினார். ஃபோர்ப்ஸ் இதை ஆராயும்படி இந்திய அதிகாரிகளையே பணித்தார். அவர்களோ முஸ்தபா பேக்கை அறிவு பிறழ்ந்தவர் என்றனர். அவர் காவலில் வைக்கப்பட்டார். சூழ்ச்சியின் முன்னணியில் நின்றவர்களுள் சுபேதார்களும் ஜமேதார்களும் இருந்தனர் என்பது பின்னரே வெளிவந்தது.

அதிகாரி கேட்கத்தான் செய்தார், உண்மைதான் கிடைக்கவில்லை. அமைதி நாள்களில் எவருடைய கருத்தும் கேட்கப்படாத இடத்தில், ஆபத்து நாளில் கேட்கும் கேள்விக்கு எப்படி நேர்மையான விடை கிடைக்கும்? தம் காதணியையும் நெற்றிக் குறியையும் பறிக்கும் ஆணை வந்தபோது தம்மை ஒரு சொல் கேளாதவருக்கு, அவர் உயிரைக் காக்கும் செய்தியைச் சொல்லும் கடமை தமக்கு இருப்பதாக அம்மனிதர்கள் கருதவில்லை. ஜூலை 10 விடியுமுன் கோட்டை அதிர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வீரர்கள் மடிந்தனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து கோட்டையை மீட்டபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். ஆடை ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. 1807இல் கிரடாக்கும், ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். அத்தனை உயிர்கள் போனபின் கேட்ட செவி, ஓராண்டு முன்னரே கேட்டிருக்கலாம்.

இப்பாடம் மெல்ல மெல்லவே படிந்தது. இந்திய அதிகாரிகளைச் சிறப்பிக்க 1837இல் ஒரு விருது நிறுவப்பெற்றது. 1857இன் பெருங்கிளர்ச்சிக்குப் பின், அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பட்டாளத்திற்கு ஆறேழு ஐரோப்பிய அதிகாரிகள் மட்டுமே போதும் என்ற முறை வந்தது. பிரிவுகளை நடத்தும் பொறுப்பு மீண்டும் சுபேதார்களிடம் திரும்பியது. புதிதாக வரும் ஆங்கில இளைஞர் வீரர்களின் மொழியைக் கற்றுத் தேர்வில் தேற வேண்டும் என்பதும், சுபேதாரை 'சாகிப்' என்ற மரியாதைச் சொல்லுடனே விளிக்க வேண்டும் என்பதும் மரபாயின. ஆயினும் ஓர் அநீதி அப்படியே நீடித்தது. எத்துணை மூத்தவராயினும் இந்தியர் என்பதனால் அவர் நேற்று வந்த ஆங்கில இளைஞனுக்குக் கீழ்ப்பட்டவரே. மரியாதைச் சொல் அவ்வநீதியைப் போர்த்தியது, போக்கவில்லை.

அம்மரபின் வலிமை முதல் உலகப் போரில் வெளிப்பட்டது. பிரான்சுக்கும் பெல்ஜியத்திற்கும் அனுப்பப்பட்ட இந்தியப் பட்டாளங்களில் பத்துப் பன்னிரண்டு ஆங்கில அதிகாரிகளே இருந்தனர். அவர்கள் வீழ்ந்தபோது, வீரர்களின் மொழியும் முகமும் அறியாத புதியவர்கள் அவ்விடத்திற்கு வந்தனர். இடைவெளியைத் தாங்கியவர்கள் சுபேதார்களும் ஜமேதார்களுமே. 1915 ஏப்ரல் 26 அன்று இப்ர நகருக்கு அருகே, நச்சுப்புகை சூழ்ந்த களத்தில், ஜமேதார் மீர் தஸ்த் தம் பிரிவை முன்னின்று நடத்தினார். ஆங்கில அதிகாரிகள் எவரும் எஞ்சாத நிலையில் சிதறிய வீரர்களை ஒன்றுதிரட்டிக் காத்தார். பின்னர், காயமுற்றுக் கிடந்த ஆங்கில, இந்திய அதிகாரிகள் எண்மரைக் குண்டுமழையினூடே மீட்டுக்கொண்டு வந்தார். விக்டோரியா சிலுவை விருது அவருக்கு வழங்கப்பெற்றது. பதவியால் தமக்கு மேற்பட்டவர்களை அவர் தூக்கிச் சுமந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

1932இல் டேராடூனில் இந்திய இராணுவக் கழகம் திறக்கப்பட்டது. 1947இல் நாடு விடுதலை பெற்றது. இனத்தால் வந்த தாழ்வு ஒழிந்தது. இருப்பினும் சுபேதார் என்ற நிலையைச் சுதந்திர இந்தியா அகற்றவில்லை. இளநிலை ஆணை அதிகாரி என்ற பெயரில் அதைப் போற்றி வைத்துக்கொண்டது. நாயிப் சுபேதார், சுபேதார், அவர்களுக்கெல்லாம் மூத்தவராகப் பட்டாளத்திற்கு ஒரு சுபேதார் மேஜர் என்பது இன்றைய வரிசை. நம் மண்ணின் வீரர் பலர் பணியாற்றும் மெட்ராஸ் ரெஜிமென்டிலும் இதுவே முறை. நல்ல சுபேதார் இளம் அதிகாரியின் பிழையை வீரர் முன்னிலையில் திருத்தமாட்டார். தனியே நின்று சொல்வார். நல்ல அதிகாரி அதைக் கேட்டபின் முடிவைத் தமதாக ஏற்பார். தவறு நேர்ந்தால் சுபேதார்மேல் சுமத்தமாட்டார். இருவரும் ஒருவர் மானத்தை ஒருவர் காக்கின்றனர்.

இதன் நிறைவை 1987ஆம் ஆண்டில் சியாச்சென் பனிமலையில் காண்கிறோம். ஏறத்தாழ 21,000 அடி உயரச் சிகரம் ஒன்றில் பாகிஸ்தான் படையினர் காவல்நிலை அமைத்திருந்தனர். செங்குத்தான பனிச்சுவரில் ஏறினால் மட்டுமே அதை அணுக முடியும். ஜம்மு காஷ்மீர் இலகுக் காலாட்படையின் எட்டாம் பட்டாளத்தைச் சேர்ந்த செகண்ட் லெப்டினன்ட் இராஜீவ் பாண்டே, அதிகாரி வரிசையின் கடைநிலையில் இருந்தவர். மே 29 அன்று அவர் ஒரு சிறு குழுவுடன் வழி காணச் சென்றார். பனிச்சுவரில் கயிறுகளைப் பொருத்தி ஏறுகையில் எதிரிகள் கண்டுகொண்டனர். அவரும் உடன் சென்றவர் பலரும் உயிரிழந்தனர்.

ஒரு மாதம் கடந்தது. அவர் பெயராலேயே 'ஆபரேஷன் இராஜீவ்' என்று அடுத்த முயற்சி தொடங்கியது. அவர் பொருத்திய கயிறுகளைப் பனி மூடியிருந்தது. அவற்றைத் தேடிக் கண்டெடுத்தபின் வழி திறந்தது. ஜூன் 26 அன்று, பதினெட்டு ஆண்டுகள் படையில் பணியாற்றிய நாயிப் சுபேதார் பானா சிங், நான்கு வீரர்களுடன் பனிப்புயலினூடே ஏறிச் சிகரத்தைக் கைப்பற்றினார். பரம்வீர் சக்ரா விருது அவருக்கு வழங்கப்பெற்றது. அச்சிகரம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முயற்சிக்கு இளையவரின் பெயர். சிகரத்திற்கு மூத்தவரின் பெயர். இளையவர் தம் உயிரைக் கொடுத்து விட்டுச்சென்ற கயிற்றைப் பற்றி மூத்தவர் ஏறினார். தமக்குமேல் இருப்பவர் தம்மைவிட முன்னே சென்று ஆபத்தை ஏற்பார் என்ற நம்பிக்கையே, முதியவர் இளையவருக்குச் செலுத்தும் வணக்கத்தின் பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கப்பர்நாகூமின் நூற்றுவர் தலைவரை நாம் நற்செய்தியில் சந்திக்கிறோம். தாம் அதிகாரத்திற்கு உட்பட்டவர் என்பதை முதலில் சொன்ன பின்னரே, தமக்குக் கீழ் வீரர்கள் இருப்பதை அவர் சொல்கிறார். அந்த வரிசைமுறை கருதத்தக்கது. அன்று அவர் வேண்டி நின்றதும் தமக்காக அன்று. தம் வீட்டில் நோயுற்றுக் கிடந்த பணியாளருக்காகவே.

தோளில் விண்மீன் ஏறுவது படையில் மட்டும் நிகழ்வதன்று. பட்டம் பெற்றுப் பள்ளிக்கு வரும் இளம் தலைமையாசிரியர், அங்கே முப்பது ஆண்டுகள் கற்பித்தவரைக் காண்கிறார். புதிதாகப் பங்கிற்கு வரும் இளங்குரு, முதிய உபதேசியாரைக் காண்கிறார். வணக்கம் அவர்களுக்கும் உடனே கிடைத்துவிடுகிறது. அதற்கு அவர்கள் திருப்பிச் செலுத்த வேண்டியது செவி. அமைதி நாள்களிலேயே அதைச் செலுத்திவிட வேண்டும் என்பதையே வேலூர்க் கோட்டையின் மதில்கள் நமக்கு நினைவூட்டி நிற்கின்றன.