மௌனமான பிள்ளையும் மருத்துவ வரலாறும்



பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், எங்கோ வெறித்தபடி அமர்ந்திருக்கும் பிள்ளையை நாம் வகுப்பில் கண்டிருப்போம். ‘கவனமில்லை, பிடிவாதம்’ என்று சொல்லிவிடுகிறோம். பகற்கனவு எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. ஆனால், கொடுமைக்கு ஆளான சில பிள்ளைகளின் நிலை வேறு. அடிக்கும் கைக்கு அஞ்சி ஓடவும் முடியாது; எதிர்க்கவும் முடியாது. எனவே உடல் அங்கேயே இருக்க, மனம் மட்டும் விலகிக்கொள்கிறது. இதுவே மனவிலகல். இதனை மருத்துவ உலகம் அறிந்துகொள்ள நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1860ஆம் ஆண்டில் பாரிஸ் நகரச் சட்ட மருத்துவர் அம்புருவாஸ் தார்தியூ, துன்புறுத்தப்பட்ட 32 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் 18 பேர் மாண்டவர்கள். உடற்காயங்களோடு, குழந்தைகளின் அச்சத்தையும் ஒளியிழந்த கண்களையும் அவர் குறித்து வைத்தார். அன்றைய மருத்துவ உலகம் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அடுத்து வந்தவர் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியர். பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுக நகரில் தத்துவம் கற்பித்த பியேர் ஜானே, ஓய்வு நேரத்தில் மனநோயாளிகளை ஆராய்ந்து, 1889இல் நூல் வெளியிட்டார். அதில் மாரி என்னும் பெண் வருகிறாள். இடக்கண் பிறவியிலேயே தெரியாது என்பாள். உண்மை வேறு. ஆறு வயதில், முகத்தின் இடப்பக்கம் தோல்நோய் கண்ட ஒரு குழந்தையோடு, அவள் அழ அழப் படுக்க வைத்திருந்தார்கள். தாங்கவியலாத அனுபவம் நினைவிலிருந்து பிரிந்து, மறைவில் இருந்து வேலை செய்யும் என ஜானே விளக்கினார்.

1962இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவர்தம் குழுவினரும், 71 மருத்துவமனைகளில் ஓராண்டில் கண்ட 302 குழந்தைகளைப் பற்றி எழுதினர். 33 பேர் இறந்திருந்தனர். அதன் பிறகே, இத்தகைய கொடுமையைக் கட்டாயமாகத் தெரிவிக்கச் சொல்லும் சட்டங்கள் அமெரிக்காவில் பரவின. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், ஆறு வயதும் அதற்குட்பட்டவருமான குழந்தைகளின் அதிர்ச்சிப் பாதிப்புக்குத் தனி அடையாளங்களை வகுத்தது. நம் மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டமும், பிள்ளை ஒதுங்கி ஒடுங்குவதை மனக்காயத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகக் கூறுகிறது.

நாம் செய்யத்தக்கது யாது? வெறித்த பார்வைக்குப் பசியோ, காது மந்தமோ, ஒருவகை வலிப்போ காரணமாகலாம். ஆகவே மருத்துவரிடம் காட்டச் சொல்வோம். உரக்க அதட்டாமல், அருகே சென்று மெல்லப் பெயர் சொல்லி அழைப்போம். ஐயம் வலுத்தால் தலைமையாசிரியரிடமும் சமூக நல இலாகாவிடமும் தெரிவிப்போம். பிரம்பைக் காட்டினால், அந்தப் பிள்ளையின் மனம் இன்னும் தொலைவுக்கே போகும்.