வைல்டு கார்டு பொருத்தம்

யந்திரங்கள் அனுப்பும் நிகழ்ச்சிச் செய்திகளைத் தலைப்புவாரியாக விநியோகிக்கும் முறையில், ஒரே சந்தா பல தலைப்புகளுக்குப் பொருந்துமாறு பொதுக்குறி இட்டுக் கேட்பது. 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய இருங்காட்டுக்கோட்டையும், 2010-இல் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பெற்ற ஒரகடமும் ஆகிய, யந்திரங்கள் நிறைந்த ஆலைப் பிரதேசங்களை எண்ணிப் பார்க்கும்போதே இதன் அருமை நன்கு விளங்கும்.

ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999-இல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க வகுத்த எம்.க்யூ.டி.டி. நெறிமுறையில், சாய்கோட்டால் பிரிக்கப்படும் தலைப்பின் படிகளுள் '+' ஒரு படியையும், இறுதியில் வரும் '#' எஞ்சிய படிகள் அனைத்தையும் குறிக்கும். 'ஒரகடம்/பெயின்ட்/+/வெப்பம்' எனக் கேட்டவர்க்கு, பெயின்ட் பிரிவின் எல்லா அடுப்புகளின் வெப்பமும் வந்து சேரும்.

வந்த செய்தியை ஒவ்வொரு சந்தாவோடும் ஒப்பிடுவது எளிய வழி. ஆனால் 10,000 சந்தாக்களும் விநாடிக்கு 5,000 செய்திகளும் இருப்பின், விநாடிக்கு 5 கோடி ஒப்பீடுகள் நேரும். ஆதலின் சந்தாக்களைச் சாய்கோடுதோறும் பிரித்து மரமாக அடுக்கி, ஒவ்வொரு படியிலும் அதே பெயருள்ள கிளையிலும் '+' கிளையிலும் மட்டும் இறங்கி, வழியிலுள்ள '#' சந்தாக்களைத் திரட்டிக்கொண்டால், உழைப்பு சந்தாக்களின் தொகையைவிடத் தலைப்பின் ஆழத்தையே பெரிதும் சார்ந்து நிற்கும். இதுவே பிரதானமான பரிகாரம்.

அடிக்கடி வரும் தலைப்புக்குரிய விடையை நினைவில் வைப்பது, மரம் அமைந்தபின்னரே செய்யத்தக்க உபாயம். சந்தா மாறிய க்ஷணமே அந்நினைவைத் திருத்தாவிடில், புதிதாகச் சேர்ந்த கண்காணிப்பாளரின் திரை, அடுப்பு கொதித்தபோதும் வெறுமையாகவே இருக்கும்.