மாற்றுத்திறனாளி நண்பருக்குத் துணை நிற்கும் மாணவர்களுக்கு விருது: எதைப் பாராட்டணும், எதைப் பாராட்டக் கூடாது?

பள்ளி ஆண்டு விழா மேடை. வீல்சேரில் வரும் சக மாணவனைத் தினமும் மாடிப்படியில் தூக்கிச் சென்ற இரண்டு மாணவர்களுக்குக் கேடயம் தருகிறார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இந்த மாதிரி வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு.

அந்த இரண்டு பேரும் செய்தது நல்ல காரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கைதட்டலுக்கு நடுவே ஒரு கேள்வி காணாமல் போகிறது. அந்த வகுப்பை ஏன் தரைத்தளத்துக்கு மாற்றவில்லை?

சக மாணவர்களை அரவணைக்கும் பிள்ளைகளைக் கௌரவிப்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இந்த விருதுகளை எப்படித் தரணும்? சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

உதவி வேறு, உரிமை வேறு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. முன்பு 7 வகையாக இருந்த குறைபாடுகளை இந்தச் சட்டம் 21 வகையாக விரிவாக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு எல்லாம் இதற்குள் வருகின்றன.

இதில் பிரிவு 16 பள்ளிகளுக்கான கடமைகளைப் பட்டியலிடுகிறது. பாகுபாடு இல்லாமல் சேர்க்கை தரணும். விளையாட்டு, பொழுதுபோக்கு எல்லாவற்றிலும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமான வாய்ப்பு தரணும். கட்டடம், வளாகம், வசதிகள் எல்லாம் அவர்கள் பயன்படுத்தும்படி இருக்கணும். பிரிவு 31-ன்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, பக்கத்துப் பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு.

அதாவது, சாய்தளம் அமைப்பது பள்ளியின் கடமை. அது இல்லாத இடத்தில்தான் நண்பர்களின் தோள் தேவைப்படுகிறது. தோள் கொடுத்த மாணவருக்குக் கேடயம் தந்துவிட்டு, சாய்தளத்தை மறந்துவிட்டால் அந்த விருது யாருக்குப் பயன்?

அப்போ மாணவர்களின் பங்கு என்ன?

நிறைய இருக்கிறது. சாய்தளத்தைச் சட்டம் போட்டுக் கட்ட வைக்கலாம். மதிய உணவு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒரு நண்பரைச் சட்டத்தால் தர முடியாது. கிரிக்கெட் டீம் பிரிக்கும்போது யாரை முதலில் கூப்பிடுவது, பிறந்தநாளுக்கு யாரை அழைப்பது என்பதெல்லாம் பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது.

தேர்வு நேரத்தில் இன்னொரு முக்கியமான பங்கு உண்டு. பார்வையற்ற தேர்வர்கள் சொல்லச் சொல்ல எழுதும் 'ஸ்கிரைப்' வேலை. மத்திய அரசின் 2018-ம் ஆண்டு வழிகாட்டுதல்படி, தேர்வர் தானே ஸ்கிரைப்பை அழைத்து வந்தால், அவருடைய கல்வித்தகுதி தேர்வரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றிருந்தது. அதனால் இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஜூனியர் மாணவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. தேர்வர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் கூடுதல் நேரம் உண்டு. 3 மணி நேரத் தேர்வு என்றால் ஸ்கிரைப்பும் 4 மணி நேரம் உட்கார்ந்து எழுதணும். கேமரா இல்லை, மேடை இல்லை. ஆனால் கடைசி நேரத்தில் ஸ்கிரைப் வராமல் போனால், ஒருவரின் ஒரு வருட உழைப்பே கேள்விக்குறியாகிவிடும்.

2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு தந்தது. 40 சதவீத வரம்புக்குள் வராதவர்களுக்கும், எழுதுவதில் சிரமம் இருந்தால் ஸ்கிரைப் வசதி மறுக்கக் கூடாது என்றது. ஆக, இந்தத் துணை தேவைப்படுபவர்களின் வட்டம் இன்னும் பெரிதாகியிருக்கிறது.

உலகில் எப்படிச் செய்கிறார்கள்?

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கியது. தொடங்கியவர் யூனிஸ் கென்னடி ஸ்ரைவர். இந்த அமைப்பு நடத்தும் 'யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ்' போட்டிகளில் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். கூடைப்பந்து என்றால் களத்தில் 3 பேர் குறைபாடு உள்ள வீரர்கள், 2 பேர் 'பார்ட்னர்'கள். ஜெயித்தால் எல்லோருக்கும் பதக்கம். பார்ட்னர் அங்கே உதவியாளர் இல்லை, சக ஆட்டக்காரர். அவரும் பந்தைத் தவறவிடுவார், அவரையும் அணி திட்டும்.

இதே முறையை அமெரிக்கப் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்றது 'யூனிஃபைடு சாம்பியன் ஸ்கூல்ஸ்' திட்டம். 2008-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 10 அளவுகோல்களைப் பூர்த்தி செய்யும் பள்ளிக்குத் தேசிய அளவிலான பேனர் வழங்கப்படுகிறது. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த அங்கீகாரம் தனி மாணவருக்கு இல்லை, மொத்தப் பள்ளிக்கும். ஒரு நல்ல பிள்ளையைத் தேடிப் பிடிப்பதைவிட, பள்ளியையே நல்ல இடமாக மாற்றுவதுதான் நோக்கம்.

விருது எங்கே சறுக்குகிறது?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டெல்லா யங் வீல்சேர் பயன்படுத்திய பத்திரிகையாளர், நகைச்சுவைக் கலைஞர். அவருக்கு 15 வயதாக இருந்தபோது, ஊர்க்காரர் ஒருவர் அவரைச் சாதனையாளர் விருதுக்குப் பரிந்துரைக்க வீட்டுக்கு வந்தார். பெற்றோர் குழம்பிப் போனார்கள். மகள் பள்ளிக்குப் போகிறாள், டிவி பார்க்கிறாள். விருது வாங்கும் அளவுக்கு அவள் எதுவும் செய்யவில்லையே! இதை ஸ்டெல்லா 2014-ல் ஆற்றிய உரையில் சொன்னார். மற்றவர்கள் நெகிழ்வதற்கான பொருளாக மாற்றுத்திறனாளிகளைக் காட்டாதீர்கள் என்பதுதான் அந்த உரையின் சாரம்.

நண்பர்களுக்குத் தரும் விருதிலும் இதே ஆபத்து உண்டு. 'இவனோடகூடப் பழகுகிறானே, எவ்வளவு பெரிய மனசு!' என்று மேடையில் பாராட்டும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் அந்த 'இவன்' காதில் அது எப்படி விழும்? தன்னோடு பழகுவது ஒரு தியாகம் என்று ஊரே சொல்வதாகத்தான் விழும். நேற்று வரை நண்பனாக இருந்தவன், இன்று சேவை செய்தவனாகிவிடுகிறான்.

விருது தரும் பள்ளிகள் கவனிக்க வேண்டிய 6 விஷயங்கள்

1. முதலில் கேளுங்கள்: உதவி பெற்றதாகச் சொல்லப்படும் மாணவரிடம் கருத்து கேட்கணும். பரிந்துரையே அவரிடமிருந்து வந்தால் இன்னும் நல்லது.

2. சம்மதம் முக்கியம்: அந்த மாணவரும் பெற்றோரும் ஒப்புக்கொள்ளாமல் போட்டோ, வீடியோ, குறைபாட்டின் விவரம் எதையும் வெளியிடக் கூடாது.

3. இரு பக்கமும் பாருங்கள்: வீல்சேரில் வரும் மாணவி தோழிக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கலாம். துணை நிற்பதற்கான விருதை அவரும் வாங்கலாம்.

4. அணியைப் பாராட்டுங்கள்: சைகை மொழி கற்றுக்கொண்ட வகுப்பு, எல்லோரும் ஆடும்படி விதியை மாற்றிய விளையாட்டுக் குழு என்று கூட்டு முயற்சிக்குப் பரிசு கொடுக்கலாம்.

5. வார்த்தையில் கவனம்: 'பாவம்', 'பரிதாபம்' வேண்டாம். தமிழ்நாடு அரசு 2010-லேயே 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளி'க்கு மாறிவிட்டது. பொதுப் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால், பிரிவு 92-ன்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

6. விருதோடு ஒரு வேலையும் முடியட்டும்: எந்தக் குறையை அந்த மாணவர் ஈடுகட்டினாரோ, அதைப் பள்ளி எப்போது சரிசெய்யும் என்று அதே மேடையில் அறிவிக்கலாம்.

தேசிய அளவில் விருது இருக்கிறதா?

5 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மத்திய அரசு வழங்கும் 'பிரதான் மந்திரி ராஷ்டிரிய பால் புரஸ்கார்' விருதில் சமூக சேவை ஒரு பிரிவு. டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். ஐ.நா. அறிவிப்பின்படி 1992 முதல் கடைப்பிடிக்கப்படும் இந்த நாளையொட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுக்காகப் பணியாற்றுபவர்களுக்கும் தேசிய விருதுகள் தரப்படுகின்றன. பள்ளி அளவில் பாராட்டு விழா வைக்கவும் இது பொருத்தமான நாள்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். அவர்களில் பள்ளி வயதில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இடைவேளை மணி அடிக்கும்போது 'வாடா, விளையாடப் போலாம்' என்று கூப்பிட ஒருவர் வேண்டும். அப்படிக் கூப்பிடும் பிள்ளைக்குக் கேடயம் கொடுப்பது தப்பில்லை. அதை வாங்க இருவரும் சேர்ந்தே மேடை ஏறணும். ஏறுவதற்கு அந்த மேடையில் சாய்தளம் இருக்கணும்.